எட்டு வராத மோட்டார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பாடசாலையில் எழுதிய கட்டுரைகளுக்கும் காரியாலயத்தில் எழுதிய விண்ணப்பங்களுக்கும் அப்பால் என் பேனா சென்றதும் இல்லை. நல்ல எழுத்தை வாசித்துப் பழகியவர்களின் முன்னால், விளையாட்டுச் சாமான் போன்ற ஒரு லொறியின் மோட்டாரைப் பற்றிச் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றக்கூடும். அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள். இயந்திர விபரங்களில் பிழை இருந்தால் அது எனது அறியாமை. கதையில் வருகின்றவர்கள் தம் தொழிலை நன்கு அறிந்தவர்களே.

மாத்தளை நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சீலிங்குக்குள் வயர் இழுக்கும் தொழில் செய்பவர் சிலரே. அவர்களில் உக்குவளை ஜீவராஜும் ஒருவர். கடைகளுக்குக் கெமரா பூட்டுவது, மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வயர் போடுவது என்று அவருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. கட்டடச் சொந்தக்காரர்கள் சீலிங் அடித்து, வர்ணம் பூசி, விளக்கும் மாட்டி, ஐயரை அழைத்துப் பால் காய்ச்சிய பிறகுதான் கெமராவைப் பற்றி நினைப்பார்கள். அதன்பின் யாராவது ஒருவர் ஏணியில் ஏறி, சீலிங்கின் மூலையிலுள்ள சதுரத் துவாரத்தின் வழியாக உள்ளே நுழைந்து, மரச்சட்டங்களின் மேல் வயிற்றால் ஊர்ந்து, வயரை மறுமூலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல வருடங்கள் ஜீவராஜ் அப்படித்தான் ஊர்ந்தார். எலிப்புழுக்கையும் தூசியும் அவருடைய சட்டைப் பைக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பதாக அவர் மனைவி சுதர்சினி சலித்துக்கொள்வார்.

பிறகு ஒரு மழை நாளில், கண்டி வீதியின் வளைவொன்றில் அவருடைய முச்சக்கர வண்டி குடைசாய்ந்தது. உயிர் தப்பியது. வலது முழங்கால் மட்டும் அதன்பின் பாதிக்கு மேல் மடங்க மறுத்துவிட்டது. ஏணியில் இரண்டு படி ஏறுவதற்குள் வியர்த்துவிடும். தொழிலையே விட்டுவிடலாம் என்று இருந்தவரின் கண்ணில்தான், கண்டியில் ஒருவர் விற்கப் போட்டிருந்த பழைய ரிமோட் லொறி பட்டது.

முழங்கை நீள லொறி அது. பெரிய பல்லுள்ள டயர்கள். ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும் ஸ்பிரிங்குகள். ஜீவராஜ் அதன் தலையில் ஒரு சிறு கெமராவையும் டோர்ச்சையும் கட்டினார். பின்புறத்தில் நைலோன் நூலைக் கட்டினார். சுதர்சினியின் தம்பி சசிக்குமார் ஏணியில் ஏறி, லொறியைத் துவாரத்துக்குள் வைத்து நூலை விட்டுக்கொடுப்பார். ஜீவராஜ் கீழே பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டி அமர்ந்து, கைத்தொலைபேசியில் தெரியும் படத்தைப் பார்த்தபடி லொறியைச் செலுத்துவார். அது மரச்சட்டங்களைத் தாண்டித் தாண்டி மறுமூலைக்குப் போய்விட்டால், நூலின் முனையில் வயரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். சீலிங்கை வெட்டவும் வேண்டாம். ஒருவர் ஊரவும் வேண்டாம். கடைக்காரர்கள் அவருக்கு லொறி பாஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் சற்றுக் கேலியும் இருந்தது. ஆனால் வேலையும் வந்தது.

அந்த லொறியின் மோட்டார்தான் இப்போது புகைந்துவிட்டது. பழைய வகை மோட்டார். உள்ளே இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசித் தேய்ந்து ஒருநாள் கருகிவிடும். இனி வாங்கினால் கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்தான் வாங்க வேண்டும் என்று ஜீவராஜ் தீர்மானித்திருந்தார்.

தீர்மானிக்க வேண்டிய வேறு ஒரு விடயமும் அவரிடம் இருந்தது. கட்டார் நாட்டில் ஒரு வேலைக்கு அவர் பெயரை வெளிநாட்டு வேலை முகவர் ஒருவர் எழுதி வைத்திருந்தார். ஒரு பெரிய கட்டடத்தின் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து கெமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. முழங்காலுக்கு ஏற்ற வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். முகவர் அடிக்கடி அழைத்து, "என்ன அண்ணே, முடிவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போக ஜீவராஜுக்கு மனமில்லை. போகவிட சுதர்சினிக்கும் மனமில்லை. ஆனால் மடங்காத காலுடன், புகைந்துபோன மோட்டாருடன், போகமாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் இராசமாணிக்கம் அவர்கள் அழைத்தார்கள். மாத்தளைப் பட்டணத்தில் அவர்களுக்கு மூன்று புடவைக் கடைகள். பெரிய கடையின் மேல்மாடியைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். மாசி மகத் தேருக்குப் புடவை எடுக்கச் சனம் வருவதற்கு முன்னர் திறந்துவிட வேண்டும் என்பது அவர்களின் எண்ணம்.

"தம்பி, கண்டியிலருந்து கெமரா பூட்டுற கூட்டம் ஒண்ணு வந்து பாத்துட்டுப் போச்சு," என்றார்கள் இராசமாணிக்கம் அவர்கள், வெள்ளை வெளேரென்றிருந்த சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடி. "அங்கங்க வெட்டணுமாம். வெட்டி ஒட்டுனா எப்படி இருக்கும் சொல்லுங்க? கிழிஞ்ச சீலைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்காது? நான் சீலை விக்கிறவன். எனக்கு ஒட்டு ஆகாது."

"வெட்ட வேண்டியதில்லீங்க முதலாளி. நூல் விட்டே இழுத்துறலாம்."

"அதான் உங்களைக் கூப்பிட்டேன். இது சுத்தமா முடிஞ்சா மத்த ரெண்டு கடையும் உங்களுக்குத்தான். மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போற வேலையும் சேத்து. வேற ஆளை நான் தேடப் போறதில்ல."

படியிறங்கி வரும்போது ஜீவராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் சற்று நின்றார். மூன்று கடைகளும் மாதாந்த வேலையும் கிடைத்தால் முகவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எல்லாம் ஒரு மோட்டாரில் நின்றது.

கொழும்பில் இவ்வகைச் சாமான் விற்கும் கடையொன்று, தன்னிடமிருந்த இரண்டு மோட்டார்களின் படங்களை அனுப்பியது. வேறு வகை வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அதற்கு நாள் செல்லும் என்று கடைக்காரர் சிங்களத்தில் குரல்பதிவும் போட்டிருந்தார். அன்று மாலை ஜீவராஜும் சசிக்குமாரும் வீட்டுக்குள் அமர்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒன்றின் மேல் 1700 என்று எழுதியிருந்தது. மற்றதில் 3300.

"இதுல யோசிக்க என்ன மச்சான் இருக்கு?" என்றார் சசிக்குமார். "மூவாயிரத்து முந்நூறு இருக்கும்போது ஆயிரத்து எழுநூறை யாராச்சும் எடுப்பாங்களா? அரிசி வாங்கப் போனா கொறஞ்ச மூட்டையவா தூக்கிட்டு வருவீங்க?"

"இது அரிசி இல்ல மாப்ள. இந்த நம்பர் பலம் இல்ல, சுத்து. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்து சுத்தும்னு எழுதியிருக்கான்."

"கூடச் சுத்துனா நல்லதுதானே?"

"அலுவிகாரைப் பக்கம் சமதரையில ஓட்டுறதுன்னா நல்லது. மேட்டுல பாரம் ஏத்துன லொறி எந்த கியர்ல ஏறுது?"

"ஃபர்ஸ்ட்ல."

"ஏன், டொப் கியர்ல போட வேண்டியதுதானே? கூடச் சுத்துமே."

சசிக்குமார் தலையைச் சொறிந்தார். "சரி சரி, குத்தாதீங்க. ஆயிரத்து எழுநூறு ஃபர்ஸ்ட் கியர். அப்புறம் இந்தப் பொடி வயரு என்னத்துக்கு? மத்ததுல இல்லையே."

"அதுதான் சென்சர் வயர். மோட்டார் நின்னுக்கிட்டு இருக்கும்போதே உள்ள உருளை எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு அது சொல்லிரும். அதனால பூனை மாதிரி மெதுவாக் கெளம்பும். மத்ததுக்கு அது தெரியாது. கரண்ட் போன வீட்டுல கட்டிலைத் தேடுற மாதிரி அங்க ஒரு உதை, இங்க ஒரு உதை. சுத்த ஆரம்பிச்ச பிறகுதான் அதுக்கு வழி தெரியும். சீலிங்குக்குள்ள நாம ஒவ்வொரு சட்டத்துக்கும் நின்னு நின்னு ஏறணும். பின்னால நூல் வேற இழுக்கும். ஆயிரத்து எழுநூறுதான்."

"அப்ப எழுதி அனுப்பிருவோம். நாளைக்கு நம்ம பொடியன் ஒருத்தன் வேன்ல கொழும்பு போறான்."

அப்போதுதான் சுதர்சினி உள்ளே வந்தார். மாத்தளை மருந்துக்கடையொன்றில் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்பவர் அவர். பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாதங்களைச் சில்லென்ற சீமெந்துத் தரையில் வைத்துக் கண்ணை மூடிச் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன நம்பர் அது?"

"ஆயிரத்து எழுநூறு," என்றார் ஜீவராஜ்.

சுதர்சினியின் உதடுகள் அசைந்தன. "ஒண்ணும் ஏழும் எட்டு."

"போச்சு," என்றார் சசிக்குமார். "கல்குலேட்டரைத் தொறந்தாச்சு."

எண்களைக் கூட்டிப் பார்ப்பது சுதர்சினிக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. வாகனம் வாங்குவோர் இலக்கத் தகட்டைக் கூட்டாமல் வாங்குவது எங்கள் பக்கத்தில் அபூர்வம். கூட்டுத்தொகை எட்டாக வந்தால், விலை குறைத்துக் கொடுத்தாலும் பலர் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எட்டு சனீஸ்வரனுக்குரியது என்பார்கள். ஜீவராஜ் அதைப் பொருட்படுத்தாமல் வாங்கியதுதான் அந்த முச்சக்கர வண்டி.

"உங்க பொறந்த தேதி பதினேழு. அதுவே எட்டு," என்று சுதர்சினி விரலை மடக்கினார். "ஆட்டோ நம்பரைக் கூட்டுனா எட்டு. அது என்ன செஞ்சுச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்ப இதுவும் எட்டா?"

"அக்கா, பொறந்த தேதியவே மோட்டார்ல அடிச்சு அனுப்பியிருக்கான். மச்சானுக்குன்னே செஞ்சது. ஜாதகம் பாத்தாக்கூட இப்படிப் பொருந்தாது."

"சிரி, சிரி. ஆட்டோ வாங்குனப்பவும் ரெண்டு பேரும் இப்படித்தான் பல்லைக் காட்டுனீங்க. ஆஸ்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது நான்."

சசிக்குமார் சிரிப்பதை நிறுத்தினார்.

"சுதா, அது வண்டி நம்பர் இல்ல," என்றார் ஜீவராஜ் மெதுவாக. "எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு."

"நம்பர் நம்பர்தானுங்களே. மத்தது எவ்வளவு?"

"மூவாயிரத்து முந்நூறு."

"ஆறு. சுக்கிரன்." சுதர்சினியின் முகத்தில் அன்றைய நாளின் முதல் வெளிச்சம் வந்தது. "அதையே எடுங்க."

"அது அவ்வளவா இழுக்காது."

"ஆயிரம் இழுக்கும், மூவாயிரம் இழுக்காதா?" அவர் சமையலைக் கவனிக்க எழுந்து குசினிக்குள் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல."

அந்த வீட்டில் அதைவிடப் பாரமான வாக்கியம் கிடையாது. சோறு பரிமாறப்பட்டது, கறி ஊற்றப்பட்டது, அப்பளமும் வந்தது. சுதர்சினி ஒன்றும் சொல்லவில்லை.

ஜீவராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். இன்னும் ஒரு தடவை விளக்கலாம். சுதர்சினி மந்த புத்தியுள்ளவர் அல்லர். மருந்துச் சீட்டின் கிறுக்கலை வைத்தியரைவிட வேகமாக வாசிப்பவர். விளக்கினால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் அதன்பிறகு லொறி வீட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் அவர் கண் அதன்மேல் நிற்கும். முழங்கால் நொந்தால் எட்டு. கடை வேலை தாமதமானால் எட்டு. யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் எட்டு. எட்டோடு குடும்பம் நடத்துவதைவிட, முரண்டு பிடிக்கும் மோட்டாரைப் பழக்கியெடுப்பது எளிது என்று அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அவர் மிகவும் களைத்திருந்தார். விளக்குவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. அவற்றை எடுத்து வைக்கும் தெம்புதான் இல்லை.

"சரி, மூவாயிரத்து முந்நூறையே எடுப்போம்," என்றார்.

சுதர்சினி இன்னொரு அப்பளத்தை அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தார். சசிக்குமார் மட்டும் தலையைத் தூக்கி மைத்துனரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

மோட்டார் வந்தது. பளபளவென்று சிவப்பு நிறத்தில், பார்க்க அழகாகவே இருந்தது. ஜீவராஜ் அதைப் பூட்டி, தரையில் பலகைத் துண்டுகளைச் சீலிங் சட்டங்கள் போல வரிசையாக அடுக்கி ஓட்டிப் பார்த்தார். வெறுமனே ஓடும்போது லொறி அம்பு போலப் பாய்ந்தது. நூலைக் கட்டி, பலகைக்கு முன்னால் நிறுத்திக் கிளப்பியபோது உடம்பெல்லாம் உதறியது, நின்றது, மறுபடி உதறியது, பிறகு யாரோ பின்னால் உதைத்தாற்போலப் பலகையைத் தாண்டி அலுமாரியில் போய் மோதியது.

"மச்சான், இதுக்கு வலிப்பு வருது," என்றார் சசிக்குமார்.

ஜீவராஜ் சோர்ந்துவிடவில்லை. மோட்டாரின் முனையிலுள்ள பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிறியதொன்றைப் போட்டார். அது கொஞ்சம் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டியது. அதைவிடச் சிறியதைப் போட்டபோது பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பிறகு அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். புறப்படும் நேரத்தில் சசிக்குமார் நூலைத் தளர்வாக விட்டுக்கொடுத்தால், பாரமின்றி லொறி கிளம்பிவிடும். சில்லு சுற்றத் தொடங்கிய பின் நூலின் பாரம் வந்தால் சமாளித்துக்கொள்ளும். பல மாலைகள் இருவரும் அதையே பழகினார்கள். முழங்காலை நீட்டியபடி தரையில் அமர்ந்து அமர்ந்து ஜீவராஜின் இடுப்பும் வலிக்கத் தொடங்கியது.

"இன்னொண்ணு செய்யலாம் மச்சான்," என்றார் சசிக்குமார் ஒருநாள், குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி. "இதைக் குடுத்துட்டு ஆயிரத்து எழுநூறை மாத்தி எடுத்துருவோம். ஸ்டிக்கரைப் பிச்சு எறிஞ்சிட்டா அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"நிறம் மாறியிருக்குமே."

"பெயின்ட் அடிச்சுட்டேன்னு சொல்லுங்க."

ஜீவராஜ் சிரித்தார். "ஒரு பொய்யச் சொல்லலாம் மாப்ள. அதைத் தினம் தினம் ஞாபகம் வச்சிருக்கணுமே. அதுக்கு எனக்கு ஏலாது. விடு. தளர்த்தி விட்டா ஓடுதுதானே."

வேலை நாள் காலையில் இராசமாணிக்கம் அவர்கள் கல்லாவுக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு, தேத்தண்ணியோடு தாமே மேல்மாடிக்கு வந்தார்கள். லொறி சீலிங்குக்குள் போவதைப் பார்க்கக் கடை ஊழியர்கள் சிலரும் வந்து நின்றார்கள். புடவை மடித்துக்கொண்டிருந்த சுந்தரம்மா என்ற அம்மையார், "இந்தப் பொம்மையா வேலை செய்யப் போவுது? பேட்டா எவ்வளவு அதுக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராஜும் சிரித்து, கதிரையில் காலை நீட்டி அமர்ந்தார்.

முதல் மூலைக்கு லொறி சரியாகப் போனது. இரண்டாம் மூலைக்கும் போனது. ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் ஜீவராஜ், "விடு," என்பார். மேலே சசிக்குமார் நூலைத் தளர்த்துவார். லொறி ஒரு உதறலோடு கிளம்பி ஏறி இறங்கும். இராசமாணிக்கம் கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்து, "சரியான கெட்டிக்காரத்தனம் தம்பி," என்றார்கள். ஜீவராஜுக்குத் தோள்கள் இலேசாயின. இன்று பின்னேரம் முகவரை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தார்.

எஞ்சியிருந்தது படிக்கட்டுப் பக்கத்து மூலை. அதுதான் மிகத் தூரம். பாதி வழிக்கு மேல் போன பிறகு லொறி நின்றது. "விடு," என்றார் ஜீவராஜ்.

"விட்டுட்டேன் மச்சான். இங்க தளர்வாத்தான் இருக்கு."

"இன்னும் விடு."

"கை நெறைய விட்டாச்சு. எங்கயோ மாட்டிக்கிச்சு போல. ஆணியில சுத்தியிருக்கும்."

ஜீவராஜ் லொறியைப் பின்னால் எடுத்துப் பார்த்தார். நூல் விடுபடவில்லை, சில்லுக்குள் சுற்றிக்கொள்ளும் போலிருந்தது. இனிப் பாரத்தோடு, நின்ற நிலையிலிருந்து, மெல்ல மெல்ல முன்னுக்கு இழுத்து நூலை ஆணியிலிருந்து கழற்ற வேண்டும். அந்த ஒரு காரியத்தைத்தான் இந்த மோட்டாரால் செய்ய முடியாது. அவர் ரிமோட்டின் விசையை மயிரிழை அழுத்தினார். மேலே கடகடவென்று உதறும் சத்தம் கேட்டது. நிறுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடி உதறல். சீலிங்கின் வெள்ளை வர்ணத் துகள் மாப்பொடி போலக் கீழே உதிர்ந்தது.

"என்ன தம்பி, பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லீங்க முதலாளி. சின்னதா மாட்டியிருக்கு."

"மச்சான், எடுத்துருவோமா?" என்றார் சசிக்குமார் மேலிருந்து. "நூலை வெட்டிட்டு முதல்லருந்து வருவோம்."

அது நல்ல யோசனைதான். ஆனால் நூலை வெட்டினால், அறுந்த நூல் சில்லில் சுற்றி லொறி உள்ளேயே நின்றுவிடலாம். அதை எடுக்க ஒருவர் ஊர வேண்டும், அதற்குச் சசிக்குமார் பழகியதில்லை; அல்லது சீலிங்கை வெட்ட வேண்டும். வெட்டாமல் முடிப்பதாகத்தானே வாக்குக் கொடுத்திருந்தார்? ஜீவராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இன்னும் சற்று அழுத்தினார்.

ஆணி நூலை விட்டது. அதே கணத்தில் மோட்டாருக்கும் வழி தெரிந்துவிட்டது. கைத்தொலைபேசியில் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. லொறி எகிறி ஒரு சட்டத்தைத் தாண்டி, மெல்லிய சீலிங் தகட்டின் நடுவில் முழுப் பாரத்தோடும் விழுந்தது. படாரென்று ஓசை கேட்டது. தகடு இரண்டாகப் பிளந்து தொங்க, அந்த வாயிலிருந்து டோர்ச் எரிந்தபடியே லொறி தலைகீழாக வந்து, கல்யாணப் புடவைகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது.

"மாரியாத்தா!" என்று சுந்தரம்மா மார்பில் கை வைத்தார். சற்று முன்புவரை அவர் அந்தப் பெட்டியருகில்தான் நின்றிருந்தார்.

உடைந்த கண்ணாடியின்மேல் லொறியின் சில்லுகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. ஜீவராஜ் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

"யாருக்கும் அடி படலதானே?" என்றார்கள் இராசமாணிக்கம் அவர்கள்.

"இல்லீங்க முதலாளி. மன்னிச்சிருங்க. மோட்டாரை மாத்திட்டு வந்து, சீலிங்கையும் நானே..."

"பரவால்ல தம்பி. வேணும்னேவா செஞ்சீங்க?" அவர்கள் குரல் உயரவேயில்லை. கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, பிளந்த தகட்டை அண்ணாந்து பார்த்தார்கள். "எப்படியும் இப்ப வெட்டித்தான் ஆகணும். கண்டிக்காரங்களையே வரச் சொல்றேன். நீங்க கஷ்டப்பட வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஏசியிருந்தால் ஜீவராஜுக்குப் பதில் சொல்ல இடம் இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்தார். அதில் சீனி கூடவா குறையவா என்று கூட அவருக்குத் தெரியவில்லை.

உக்குவளை பஸ்ஸில் இருவரும் லொறியை ஒரு சாக்குப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சசிக்குமார் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"இன்னைக்கு நான் அக்காகிட்ட சொல்லத்தான் போறேன்," என்றார் திடீரென்று.

"என்னன்னு?"

"எந்த மோட்டார் சரின்னு உங்களுக்குத் தெரியும்னு. தெரிஞ்சுக்கிட்டே விட்டீங்கன்னு."

"சொல்லி?"

சசிக்குமார் மடியிலிருந்த சாக்குப் பையின் வாயை முறுக்கினார்.

"எடுப்போம்னு சொன்னது நான்தான் மாப்ள. அவ ஒண்ணும் சொல்லல," என்றார் ஜீவராஜ். "அவளுக்கும் காலையில வேலைக்குப் போகணும். விட்டுரு."

சுதர்சினி எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். தகடு பிளந்ததை, கண்ணாடி உடைந்ததை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பியதை. கேட்டு முடிந்ததும் கணவருக்கு அருகில் வந்து அமர்ந்து, அவருடைய முழங்காலில் கையை வைத்தார்.

"அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை நின்னாங்கன்னு சொன்னீங்களே?"

"சுந்தரம்மா. அப்பத்தான் நகர்ந்தாங்க."

"பாத்தீங்களா?" சுதர்சினியின் கண்கள் நிறைந்திருந்தன. "நல்ல நம்பரா இருந்ததால அதோட போச்சு. எட்டா இருந்திருந்தா அந்த அம்மா தலையிலயோ உங்க தலையிலயோ விழுந்திருக்கும். சாமான்தானே போனது, போகட்டும்."

சசிக்குமார் வாயைத் திறந்தார். ஜீவராஜ் அவரைப் பார்த்தார். சசிக்குமார் எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஆமா," என்றார் ஜீவராஜ். "நம்பர் நல்ல நம்பர்தான்."

முகவர் மறுநாள் அழைத்தார். இந்த முறை ஜீவராஜ் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சுதர்சினி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவரிடமும் ஒரு காரணம் மிஞ்சியிருக்கவில்லை.

இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சீலிங் தகடு ஒன்று. கண்ணாடிப் பெட்டியின் மேல்மூடி. லொறியின் முன் அச்சு, அதன் தலையிலிருந்த கெமரா. இராசமாணிக்கம் அவர்களின் மூன்று கடை வேலை. சசிக்குமார் பழகிய தொழில். அவர் இப்போது தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறார். ஜீவராஜும் சுதர்சினியும் ஒரே வீட்டில் கழித்திருக்கக்கூடிய இரண்டு வருடங்கள்.